நாலு மூலைக் காசு

நம்மில் பாதிப் பேருக்குக் கண்ணில் லென்ஸ் வைத்தாகிவிட்டது. மீதிப் பேருக்கு முட்டி போய்விட்டது. ஆனாலும் பழங்காசு சேர்க்கிற நாம் மாதம் ஒருமுறை தஞ்சாவூரில் கூடி உட்கார்ந்துவிட்டால், ஒரு செப்புக்காசுக்காக இந்த முண்டு முண்டுகிறோம். போன மாதம் உங்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சோழர் காசை எடுத்து மேசையில் வைத்தீர்கள். விளிம்போரம் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. “ஆகா, புழங்காத காசு!” என்று ஆளாளுக்குப் பூதக்கண்ணாடியைப் பிடுங்கினீர்கள். கடைசியில், “நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா, என்ன தரம்?” என்று என்னிடம் நீட்டினீர்கள். நான் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று பேசிக்கொண்டீர்களாம். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்.

அது என்ன பயம் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். முக்கியமாக அந்த முன்வரிசை.

எனக்கு அப்போது பத்து வயது. கீழ்வேளூருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் நாகப்பட்டினத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் எங்கள் அப்பாதான் ஊருக்கு டாக்டர். ஆஸ்பத்திரி என்று சொல்வோமே தவிர, முன்னால் ஒரு ஹால், பின்னால் மருந்து கலக்குகிற அறை, அவ்வளவுதான். அந்தப் பின்னறையில் ஸ்பிரிட் வாசனையும் கிரைப் வாட்டர் வாசனையும் கலந்து ஒரு நெடி அடிக்கும். அதற்குள் மூன்றாவதாகச் செம்பின் வாசனையும் உண்டு. அப்பாவுக்குக் காசுப் பைத்தியம்.

மருந்துப் பவுடர் நிறுக்கிற சின்னத் தராசில்தான் காசை நிறுப்பார். பவுடர் மடிக்கிற தாளில்தான் காசை மடிப்பார். தாளின் மேல் உத்தமம், மத்திமம், அதமம் என்று மூன்றில் ஒன்றை எழுதுவார். எழுத்து கோணிக்கொண்டு போகும். ஏனென்றால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். கம்பவுண்டருக்குக் கண் தெரியவில்லை என்றால் அவர் கையால் யார் மருந்து வாங்கிக் குடிப்பார்கள்? மருந்துப் பாட்டில்கள் இருந்த இடம் அவருக்குக் கைக்கணக்கு. காசுக்கு அந்தக் கணக்கு செல்லாதே. அதற்கு என் கண்தான்.

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கு அந்தப் பொறுமையே கிடையாது. “மூக்கு இருக்கா, இல்லையா? கையில பூ இருக்கா? அத மட்டும் சொல்லு, கதை அளக்காத” என்பார். காசில் நிற்கிற ராஜா உருவத்தில் உயர்ந்து நிற்கிற இடம்தான் முதலில் தேயும், மூக்கு, தோள், முட்டி என்று நானாகவே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரமாகச் சரிந்திருக்கிறதா, பச்சைக் களிம்பு வழவழப்பாக இருக்கிறதா, பொடிப் பொடியாக உதிர்கிறதா, எல்லாம் சொல்லுவேன். நான் சொன்னதைத்தான் அவர் எழுதுவார். பத்து வயதுப் பெண்ணுக்கு அதைவிடத் தலைக்கனம் வேறென்ன வேண்டும்? ஏறியது, நன்றாகவே ஏறியது.

இப்போது லஸ்கரைச் சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு பழைய மதகு இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது; எந்தக் காலத்துக் கட்டடம் என்று யாருக்கும் தெரியாது. அதன் பலகையை ஏற்றி இறக்கி, கரையைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஆள்தான் லஸ்கர். மதகை ஒட்டி, கரைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில், அவருக்கு ஓர் ஓட்டு வீடு. அவர் மகள் என் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் அம்மாவுக்கு இளைப்பு. அந்த அம்மா மூச்சு வாங்குகிற சத்தம் வீட்டு வாசலுக்கே கேட்கும். ஓட்டைத் துருத்தி ஊதுவது மாதிரி இருக்கும்.

சித்திரையில் ஆறு காய்ந்து கிடந்தபோது லஸ்கர் முதல் காசைக் கொண்டுவந்தார். மதகடி மணலில் கிடந்ததாம். மூக்கும் இல்லை, முழியும் இல்லை. அதமம். இருந்தாலும் அப்பா அலமாரியிலிருந்து இளைப்பு மாத்திரை ஓர் அட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். “இன்னும் கிடைச்சா கொண்டாங்க லஸ்கரே. நல்லதா இருந்தா ரெண்டு அட்டை” என்றார்.

அந்த அட்டைகளில் ‘விற்பனைக்கல்ல’ என்று அச்சடித்திருக்கும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டருக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவை. அப்பா கைநீட்டி எடுத்துக் கொடுத்தால் கேட்க ஆளில்லை. சும்மா கொடுத்திருக்கலாம். இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் யோசித்தேன், யோசித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சட்டை மாட்டாமல் ஓடுகிற மனிதர். ஆனால் காசு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். நமக்குத் தெரியாதா அந்த ஆளை?

லஸ்கர் இன்னும் மூன்று முறை வந்தார். இரண்டு அதமம், ஒரு மத்திமம். வைகாசி மாதம் ஒரு மத்தியானம் வந்து, மடியை அவிழ்த்து, ஒரு காசை மேசையில் வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். மூக்கு இருந்தது. கையில் பூ இருந்தது. இடுப்புத் துணியின் மடிப்புகூட எண்ணுகிற மாதிரி இருந்தது. எவன் கையிலும் புழங்காத காசு. ஒரு பக்கம் கொஞ்சம் வெள்ளையாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. அந்த வருஷம்தான் எங்கள் கோயிலுக்கு மதில் கட்டினார்கள். நாங்கள் லுத்தரன் சபை. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஜெபம் பண்ணி முடித்ததும் கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, “ஒரு காசு போட்டுட்டா நல்லதுங்க” என்றார். ஐயர் காதில் விழாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னப் பிள்ளை போட்டால் தப்பில்லை என்று என் கையில் ஒரு காசைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன், அதன் மேல் சுண்ணாம்புச் சாந்தைக் கொட்டினார்கள்.

“அப்பா, இது அஸ்திவாரத்துல போட்ட காசுப்பா. சுண்ணாம்பு ஒட்டியிருக்கு” என்றேன். சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

அப்பா காசை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. “உத்தமம்” என்றார். பிறகு லஸ்கரைப் பார்த்து, அதாவது லஸ்கர் நிற்கிற திசையைப் பார்த்து, “இது ஒண்ணு மட்டும் இருக்காது. அந்தக் காலத்துல நாலு மூலைக்கும் போட்டிருப்பாங்க” என்றார்.

லஸ்கர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணெல்லாம் செங்கல் தூள். எந்த மூலையில் எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“கல்லப் பேத்தாத்தான் வரும் சார்” என்று மட்டும் சொன்னார். “திரும்ப களிமண்ணு வச்சு அடிச்சிட்டேன். இரும்பு மாதிரி நிக்கும்.”

“உங்களுக்குத் தெரியாததா லஸ்கரே” என்றார் அப்பா. நான்கு அட்டை மாத்திரை கொடுத்தார்.

பத்து நாளில் இரண்டாவது மூலைக் காசும் வந்தது. ஆற்றுப் பக்கத்து மூலைகள் இரண்டும் முடிந்தன. என் தோழியின் அம்மா அந்த மாதம் எழுந்து நடமாடினாள். ஒரு சாயங்காலம் எனக்குக் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தாள். “ஒங்கப்பா மகராசன், எம் மூச்சு அவரு கையில இருக்கு” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் கடைமடைக்கு வந்துசேர ஆனி பாதியாகிவிட்டது. தண்ணீர் வருகிற அன்று எல்லோரும் கரையில் நிற்போம். முதலில் குப்பையும் நுரையும் செத்தையும் ஊர்ந்துகொண்டு வரும், பின்னால்தான் தண்ணீர். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். லஸ்கர் மட்டும் மதகின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுவரைத் தொட்டதும் எழுந்து, சுற்றி வந்து, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது மூலை கரைக்கு இந்தப் பக்கம், அவர் வீட்டுக் கொல்லையில். தண்ணீர் அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் தோண்டியிருக்கிறார். அந்தக் காசும் உத்தமம். நான்தான் சொன்னேன், அப்பா எழுதினார். மூன்று பொட்டலத்தையும் வரிசையாக வைத்து, நான்காவதற்கு ஒரு வெறும் தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். அந்த வெறும் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை பொங்கும். வகுப்பில் அவள் காதைக் கடிப்பேன்: “ஒங்கப்பா நாலாவது எடுத்தாச்சாடி?”

“இல்லடி. அது மதகுப் படிக்கட்டுக்கு அடியில இருக்காம். கல்லு பெருசாம்” என்பாள்.

ஆடி பிறந்தது. ஆறு கரை தொட்டு ஓடியது. ஒரு நாள் அவள் வகுப்புக்கு வந்ததும் பாவாடைக் கரையைப் பிழிந்தாள். “எங்க வீட்டுத் தரை ஈரமாவே இருக்குடி. அம்மா பாய மடிச்சு வச்சிட்டு பெஞ்சுலதான் படுக்குது. அடுப்புல தண்ணி ஊறுது” என்றாள். இன்னொரு நாள், “கொல்லையில மணலு கொதிக்கிற மாதிரி பொங்குதுடி, சோறு பொங்குற மாதிரி. அப்பா அது மேல சாக்கு போட்டு மூடிடுச்சு. யாருட்டயும் சொல்லாதன்னுது” என்றாள். மூன்றாம் நாள், சுவருக்குள் யாரோ முனகுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றாள். அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அப்ப நாலாவது எப்ப எடுப்பாரு?”

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லத்தான் செய்தேன். “அவங்க வீட்டுக்குள்ள தண்ணி ஊறுதாம்ப்பா.”

“ஆத்தங்கரை வீட்டுல ஊறாம வேற எங்க ஊறும்?” என்றார். ஆனால் நான் மடித்து வைத்திருந்த அந்த வெறும் தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு, “நாலாவது கெடைச்சா போதும், அப்புறம் விட்டுரலாம்” என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும், என் தோழி தன் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவால் நிற்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹால் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

“மாத்திரை தீந்து நாலு நாளாச்சு சார்” என்றாள் மகள். “அப்பா இன்னைக்கி எப்புடியும் எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லுச்சு. எங்கள முன்னாடி போவச் சொல்லுச்சு.”

அப்பா அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. “அவரு வரட்டும்மா, வந்ததும் தர்றேன். செத்த இருங்க” என்றார்.

அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அட்டையை எடுத்து நானே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அலமாரி என் கைக்கு எட்டும். எடுக்கவில்லை.

பிறகு ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம். இடியும் இல்லை, வேட்டும் இல்லை. நெல் மூட்டைகளை ஒட்டுமொத்தமாகச் சரித்தால் தொப்பென்று வருமே, அப்படி. அடுத்து ஜனங்கள் கத்துகிற சத்தம். “மதகு போச்சு! கரை போச்சு!” அப்பா அப்படியே நின்றார். என் தோழி என்னைப் பார்த்தாள். அவள் அம்மா எழுந்து இரண்டு அடி வைத்து, வாசலிலேயே சாய்ந்தாள். அப்போதுதான் அப்பா அந்த அட்டையை எடுத்தார்.

அவர்கள் வீடு இருந்த இடத்தில் ஓர் ஓடுகூட மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்ததால் தாயும் மகளும் பிழைத்தார்கள், கர்த்தர் காப்பாற்றினார் என்று ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஊர் நாற்றங்கால் எல்லாம் முழங்கால் உயரம் மணல். லஸ்கர் மூன்றாம் நாள், அரை மைலுக்கு அப்பால், ஒரு கருவேல முள்ளில் சிக்கிக் கிடைத்தார்.

விசாரணைக்குப் பொதுப்பணித்துறை ஓவர்சியர் வந்தார். உடம்பைக் கழுவியபோது மடியில் முடிந்திருந்தது என்று ஒரு காசைக் கொண்டுவந்து அப்பாவின் மேசையில் வைத்தார். கதவோரம் தாயும் மகளும் நின்றார்கள்.

“நீங்க பழங்காசு தெரிஞ்சவராம். இது மதிப்புள்ள காசா? இதுக்காக இந்த ஆளு மதகை நோண்டியிருப்பானான்னு மேல கேக்கறாங்க” என்றார் ஓவர்சியர். “நோண்டியிருந்தான்னா இந்தம்மாவுக்கு அரசாங்கப் பணம் ஒண்ணும் கிடைக்காது. அதையும் சொல்லிடறேன்.”

அப்பா பழக்கத்தில் காசை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். நான்கிலும் சிறந்தது அதுதான். கண்ணிமைகூடத் தெரிந்தது. இந்த ஐம்பது சொச்சம் வருஷத்தில் அதற்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை, உங்கள் பெட்டிகளிலும் இல்லை. சுண்ணாம்பு விளிம்பு முழுக்க ஒட்டியிருந்தது. காசை அப்பாவிடமே நீட்டினேன். அப்பா காசைத் திரும்ப வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். விரல் சுண்ணாம்பில் நின்றது.

“ஆத்து மணல்ல கெடக்கற தேஞ்ச காசு சார். அதமம்” என்றார். “இதுக்குப் போயி யாரு மதக நோண்டுவா? கரை ஒடைஞ்சது நண்டு வளையால இருக்கும்.”

ஓவர்சியர் நண்டு வளை என்றே எழுதிக்கொண்டார். காசை அந்த அம்மா பக்கம் தள்ளினார். அவள் எடுக்கவில்லை, மகள்தான் எடுத்தாள்.

அப்பா சொன்னது பொய்தான், ஆனால் அந்தப் பொய்யால் ஒரு குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது. அதனால் அவரை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை.

நான் வாசலுக்கு வந்தேன். அவள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை.

“ஒங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “எங்கப்பா சொல்லியிருக்கு. நீதானே பாப்ப. நீ சொல்லுடி. நெசமாவே ஒண்ணுமில்லாத காசா? எங்கப்பா இதுக்கா போச்சு?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம், அவள் அப்பா ஏமாந்து சாகவில்லை, நல்ல காசைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார் என்ற ஒரு வார்த்தை. அது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் உத்தமம் என்று சொன்னால், அவரை அங்கே தோண்ட வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். எனக்குப் பயம்.

“தேஞ்ச காசுதான்டி” என்றேன்.

அவள் காசையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்து விரித்து, காசை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“அப்ப நீயே வச்சுக்க. இதப் பாத்தா எங்கம்மா அழும்” என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.